பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

அன்புத் தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரியைப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே 'தொழிலதிபர், குவைத்' என்று போட்டிருக்கிறாய். சிரித்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் அரபி வீட்டில் வண்டி ஓட்டினவன் நான். சரி, அது போகட்டும். அத்தை பெயர் எங்கே?

போனில் கேட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே எதிர்க் கட்டடத்துக்கு ஒரு எகிப்துக்காரர் ஹாரிஸாக இருந்தார், நம்மூர் வாட்ச்மேன் மாதிரி. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் அறை டிவியில் பழைய எகிப்துப் படம் ஓடும். கட்டிலில் அவர், தரையில் நான், நடுவில் சின்னக் கிளாஸில் கட்டஞ்சாயா. பாதி பேச்சு எனக்குப் புரியாது, அவர்தான் சொல்லுவார். அப்படிப் பார்த்ததுதான் 'பிதாயா வ நிஹாயா', ஆரம்பமும் முடிவும். நகீப் மஹ்ஃபூஸ் நாவலை சலாஹ் அபு சைஃப் 1960-ல் படமாக எடுத்தது.

கெய்ரோவில் ஒரு குமாஸ்தா திடீரென்று செத்துப்போகிறார். மூன்று பையன், ஒரு பெண். அம்மா வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறாள். மூத்தவன் ரவுடித்தனம், போதைப்பொருள் என்று போய்விடுகிறான். நடுவுள்ளவன் மேலே படிக்காமல் தன்தா என்கிற வெளியூரில் குமாஸ்தா வேலைக்குப் போகிறான். பெண் நஃபீஸா அக்கம்பக்கத்துக்குத் துணி தைக்கிறாள். இத்தனை பேர் காசில் கடைக்குட்டி ஹஸனைன் ராணுவ அதிகாரி ஆகிறான். நடித்தது உமர் ஷரீஃப், என்ன மிடுக்கு! ஆனால் யூனிபார்ம் ஏறினதும் அவனுக்கு எல்லாமே வெட்கம். வீடு வெட்கம், அண்ணன் வெட்கம், அக்கா தைக்கிற துணியும் வெட்கம். அந்த இடத்தில் ஹாரிஸ் டிவியைப் பார்த்தே, "இவன் சட்டைப் பொத்தானையும் அவள்தான் தைத்திருப்பாள்" என்றார்.

நஃபீஸாவைப் பலசரக்குக் கடைக்காரன் மகன் ஏமாற்றிவிட, அவள் வழி எங்கெங்கோ போகிறது. கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தம்பியைக் கூப்பிடுகிறார்கள். அவன் அவளை நேராக நைல் நதிப் பாலத்துக்குக் கூட்டிப் போகிறான். அவள் குதிக்கிறாள். பின்னாலேயே அவனும்.

"மக்தூப்" என்றார் ஹாரிஸ். எழுதி வைத்தது என்று அர்த்தம். எனக்கு அது ஒப்பவில்லை. அவளைப் பாலம் வரை நடத்திக்கொண்டு போனவன் இவன்தானே, அதையுமா யாரோ எழுதினார்கள்? அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தைக்கும் அவளுக்கும் என்ன ஒப்பு என்று கேட்பாய். ஒன்றும் இல்லை, தையல் மெஷினைத் தவிர. 1987-ல் ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் குறைந்தபோது காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தவள் அவள். ஜாக்கெட் தைத்த கூலியிலேயே நாலு வருஷம் வட்டி கட்டி மீட்டாள். நான் அனுப்பிய பணத்தை 'குழந்தை படிப்புக்கு வையுங்கள்' என்று அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். குழந்தை நீதான்.

சம்பந்தி வீடு பெரிய இடம், அத்தை இன்னும் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறாள். உனக்குச் சங்கடமாக இருக்கலாம், புரிகிறது. 'தொழிலதிபர்' வேண்டாம், என் பெயர் மட்டும் போதும். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்கிற இடத்தில் முதல் பெயராக அத்தையைப் போடு. புதன்கிழமைக்குள் பிரஸ்ஸில் சொல்ல வேண்டும் என்றாயே, மறந்துவிடாதே.

அம்மாவின் கல்யாண ஜாக்கெட்டை அத்தை தைத்து முடித்துவிட்டாள். கை கொஞ்சம் லூஸாம், இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா