காற்றின் கண்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை அழைப்பில், நீராவி படிந்த உன் அறை ஜன்னல் கண்ணாடியில் விரலால் 'அப்பா' என்று எழுதிக் காட்டினாய். "விண்டோவில் விண்ட் என்பது காற்று, சரி. அந்த 'ஓ' என்னப்பா?" என்று கேட்டாய். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்குத்தான் அந்தக் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை. தேடிப் படித்தேன்.

அந்த 'ஓ' ஒரு கண், அம்மா. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'விண்டவுகா' என்று ஒரு சொல். 'அவுகா' என்றால் கண். காற்றின் கண்! அந்த மொழி பேசிய வைக்கிங்குகள்தான் 866இல் நீ இருக்கும் யார்க் நகரைப் பிடித்து, அதை யோர்விக் என்று அழைத்தவர்கள். ஆங்கிலேயர்களிடம் முன்பே கண்துளை, கண்வாசல் என்று பொருள்படும் சொந்தச் சொற்கள் இருந்தன. இரண்டும் மறைந்துவிட்டன. லத்தீன் வழிவந்த 'ஃபெனெஸ்டர்' என்ற சொல்லும் 16ஆம் நூற்றாண்டு வரை புழங்கியிருக்கிறது. ஜெர்மானியர் இன்றும் 'ஃபென்ஸ்டர்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் நிலைத்தது காற்றின் கண். அந்நாளில் எளியவர் வீட்டில் கண்ணாடி ஏது? வெறும் திறப்புதான். வெளிச்சம் வந்த வழியிலேயே குளிர்காற்றும் வந்தது.

இதைப் படித்ததும் எழுந்துபோய்ச் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லுமிடத்தில் 'மான்கண் காலதர்' என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போல் அமைத்த காற்றுவழி. வடகடலோரத்தில் ஒருவனுக்கும் காவிரிக் கரையில் ஒருவனுக்கும் சுவரில் இருந்த திறப்பைப் பார்த்ததும் காற்றும் கண்ணும் சேர்ந்தே தோன்றியிருக்கின்றன. எனக்குச் சிலிர்த்துவிட்டது. உன்னிடம் உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. அங்கே நள்ளிரவு என்பதால் எழுத உட்கார்ந்தேன். நாம் காலதரை மறந்து, போர்ச்சுகீசியரின் 'ஜனெலா'வை ஜன்னலாக்கிக்கொண்டோம். அதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

உன் பழைய அறை ஜன்னலின் கீழ்க்கதவு மழையில் ஊதிப்போய்ச் சாத்த வரவில்லை. நாளை ஆசாரி வருகிறார். நிலைச்சட்டத்தில் நீ உன் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கம் இழைப்புளி படக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா