நாள் குறிக்காத பெரியவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிசான நெல் அறுப்பு முடியட்டும் என்று நான்கு மாதமாக எழுதாமலேயே இருந்துவிட்டேன். கோபித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கட்டையன் அந்த நூறு ரூபாயை இன்னும் தரவில்லை.

சொல்ல வந்தது வேறு. எங்கள் அறுப்பு மெஷின்களின் முன்பதிவுகளை மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் இணையதளத்தில் நானே அமைத்த பட்டியலில் குறித்துவருகிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஊர், ஏக்கர், தொடங்கும் நாள், முடியும் நாள் என்று வரிவரியாகக் கிடக்கும் அதைப் பார்த்து, சேரன்மகாதேவிக்குப் போன மெஷின் கல்லிடைக்குறிச்சிக்கு எப்போது வரும் என்று சொல்வதற்குள் போனில் காத்திருப்பவர் பொறுமை இழந்துவிடுவார். ஆகவே தை பிறந்ததும் அதே பட்டியலுக்குக் காலண்டர் காட்சி ஒன்றைச் சேர்த்தேன். புதிய காட்சியை உருவாக்கி, தொடக்கத்துக்குப் பட்டியலின் எந்தப் பத்தி (நெடுவரிசை), முடிவுக்கு எந்தப் பத்தி, கட்டத்தில் தலைப்பாக எது தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. விவசாயியின் பெயரைத் தலைப்பாக வைத்தேன். ஒரே நாளில் மூன்று சுடலைமுத்துக்கள் வந்து நின்றதும் ஊர்ப் பெயருக்கு மாற்றினேன். சிரிக்காதே.

அடுத்து நேரக் குழப்பம். போனில் நிரப்பும் படிவத்திலிருந்து தானாக வந்து சேரும் பதிவுகள் மட்டும் ஒரு நாள் முன்னதாகவே விழுந்தன. பிப்ரவரி 10 காலை 6 மணி என்று குறித்தது 9ஆம் தேதி மாலை 4.30இல் நின்றது. தளத்தை உருவாக்கிய அன்று அதன் நேரத்தை அமெரிக்காவின் பசிபிக் நேரத்திலேயே விட்டுவைத்த மகானுபாவன் நான்தான். இந்திய நேரத்துக்கு மாற்றியதும் அவை சரியாகிவிட்டன. ஆனால் அதுவரை கையால் உள்ளிட்டிருந்த காலை 6 மணிகளெல்லாம் இரவு 7.30க்குத் தாவிவிட்டன. ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

இவையெல்லாம் சிரித்துக் கழிக்கக்கூடியவை. முக்கூடல் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கதிர் முற்றிய பிறகு நாள் சொல்வதாகக் கூறிப் பெயரை மட்டும் பதிந்திருந்தார். தொடங்கும் நாள் இல்லாத வரி காலண்டரில் தெரியவே தெரியாது. பட்டியலில் அந்தக் காலி இடம் கண்ணை உறுத்தியிருக்கும். காலண்டரில் அப்படி ஒருவர் இருந்ததற்கே சுவடில்லை. நாங்களும் காலியாகத் தெரிந்த நாட்களையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டோம். மாசியில் அவர் நேரில் வந்தார். குடையை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு, "பதிஞ்சாச்சுன்னு சொன்னியளே தம்பி" என்றார். வயலில் பாதி சாய்ந்துவிட்டதாம். குரலை உயர்த்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தொடங்கும் நாளைக் கட்டாயம் நிரப்ப வேண்டிய பத்தியாக்கிவிடலாம் என்கிறார் மச்சான். நான் சம்மதிக்கவில்லை; கட்டாயம் என்றால் நம் ஆட்கள் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிடுவார்கள், அது வெற்றிடத்தைவிட மோசம். தொடக்க நாள் காலியாக உள்ள வரிகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் இன்னொரு காட்சியை அமைத்து, காலையில் காலண்டருக்கு முன் அதைத்தான் திறக்கிறேன். இன்று அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரிடமும் பேசிவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவாய்தானே? வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை