கட்டுரையைப் படித்துவிட்டேன், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். புது வண்டைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை அச்செடுத்து முழுக்கப் படித்துவிட்டேன். "எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய், அவ்வளவுதான். பிழை அதிகம் இல்லை. உடல் நீளம் விவரிப்பில் ஒன்றாகவும் அட்டவணையில் வேறாகவும் இருக்கிறது, பார். உணர்கொம்புப் படத்தில் அளவுகோல் விடுபட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது. அது பிழையா இல்லையா என்று எனக்குத் தெரியாததால் அங்கே பென்சில் வைக்கவில்லை.

இருசொற் பெயரிடுமுறையை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன்! 1758-இல் லின்னேயஸ் தொடங்கிவைத்த கணக்கு இன்றுவரை ஓடுகிறது என்று கரும்பலகையில் எழுதிய எந்த வருஷமும், நம் வீட்டுப் பிள்ளை அந்த வரிசையில் ஒரு பெயரைச் சேர்ப்பாள் என்று நினைத்ததில்லை. நீள்கொம்பு வண்டுகளில் மட்டும் 35,000 இனங்களுக்கு மேல் பெயரிட்டாகிவிட்டதாம். அதற்குப் பிறகும் ஒன்று யாரும் விவரிக்காமல் கரீபியன் கடலில் இருக்கும் மான்செராட் தீவின் காட்டில் இருந்திருக்கிறது. அந்தத் தீவே மொத்தம் 102 சதுர கிலோமீட்டர்தான். அதில் 700-க்கும் மேற்பட்ட வண்டினங்களை ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றும் நீதான் சொன்னாய். அப்படிச் சலித்தெடுத்த இடத்தில் புதிதாக ஒன்றைக் காட்டுவது சின்ன விஷயமா? அப்பா வெளியில் ஒன்றும் சொல்ல மாட்டார், உனக்குத் தெரியும். ஆனால் மண்டிக்குப் போகும் இடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். வண்டின் பெயரை மட்டும் நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை. விவரிப்போடு முறையாக அச்சில் வரும்வரை அது வெளியே உலவக்கூடாது என்று நீ சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மற்ற இனங்களிலிருந்து இது எப்படி வேறு என்று காட்டும் பகுதி. பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத பழுப்பு வண்டு. பக்கத்துத் தீவான குவாதலூப்பில் இருக்கும் அதன் உறவோடு வைத்தால் நான் இரண்டையும் ஒன்று என்றே சொல்லியிருப்பேன். நீ உணர்கொம்பின் கணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் முள் இருக்கிறது, எதில் இல்லை, இறக்கை உறையின் நுனி எப்படி முடிகிறது, மார்பின் மேல்தட்டில் மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறாய். வெளியில் பார்த்தது போதாது என்று ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து வரைந்திருக்கிறாய். பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய மாதிரியின் படத்தை வரவழைத்து ஒப்பிட்டிருக்கிறாய். உன் பொறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இவ்வளவு பொறுமை இருப்பவளுக்கு அம்மாவிடம் பத்து நிமிஷம் முகம் காட்டிப் பேச முடியவில்லை. கேமராவை அணைத்துவிட்டுப் பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். தீவில் இருந்தபோது சரி, நம்பினேன். இப்போது பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டாய் அல்லவா?

சாப்பிடுகிறாயா? ராத்திரி ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருக்காதே. திரும்ப மான்செராட் போவதாக இருந்தால் விளக்கும் வெள்ளைத் துணியும் தூக்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போகாதே. உள்ளூர் ஆள் யாரையாவது கூட்டிக்கொள். அந்தத் தீவில் இருப்பது 1995 ஜூலையில் வெடிக்கத் தொடங்கிய எரிமலை. 1997 ஜூன் 25 அன்று ஒரே நாளில் 19 பேரைக் கொண்டுபோயிருக்கிறது. பிளிமத் என்ற தலைநகரமே சாம்பலுக்கும் சேற்றுக்கும் அடியில் கிடக்கிறது. நீ போவது தெற்கே இல்லை, சென்டர் ஹில்ஸ் காட்டுக்குத்தான் என்று ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் அங்குள்ள எரிமலை ஆய்வு மையம் போடும் அறிக்கையை நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சாம்பலில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. சின்ன வயதில் உனக்கு இருந்த இழுப்பை மறந்துவிடாதே, முகமூடி இல்லாமல் போகாதே. சாம்பல் படிந்த மர உச்சிகளில் பூச்சிகளே குறைந்துபோனதாக அங்கே ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று நீதானே அனுப்பினாய்? பூச்சிக்கே ஆகாத சாம்பல் உனக்கு ஆகுமா? சாப்பாட்டையும் விடாதே.

இங்கே கிணற்றடி மல்கோவாவில் மறுபடி துளைப்பான் இறங்கியிருக்கிறது. அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக்கிடப்பதை அப்பாதான் முதலில் பார்த்தார். கம்பியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்தார். விரல் நீளத்துக்கு மேல் இருந்தது. மண்ணெண்ணெய்ப் பஞ்சை வைத்து மண் பூசி அடைத்திருக்கிறார். தழைக்குமா என்று மழைக்குப் பிறகுதான் தெரியும். இதுவும் உன் நீள்கொம்புக் குடும்பம்தானே! நீ பள்ளிக்கூடம் போகும்போது இந்தப் புழுவைத்தான் பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டு, எப்போது வண்டாகும் என்று எங்களைப் பாடாய்ப் படுத்தினாய். மான்செராட்டிலும் காய்ந்த கிளைகளை வாளியில் அடைத்துவைத்து வண்டு வெளியே வரக் காத்திருந்தேன் என்று கட்டுரையில் படித்ததும் அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

மாமரத் துளைப்பானின் முழுப்பெயரை எடுத்துப் பார்த்தேன். பாட்டோசெரா ரூஃபோமாக்குலாட்டா, அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் டி கீர், 1775. சுவீடன்காரர். தான் பெயர் வைத்த வண்டு கிருஷ்ணகிரியில் ஒருவர் தோட்டத்தை அழிக்கும் என்று அவருக்கு என்ன தெரியும். முதலில் அவர் அதை வேறு பேரினத்தில் சேர்த்திருந்தார். பிற்பாடு மாற்றினார்கள், அதனால்தான் அடைப்புக்குறி. இனத்தைத் தூக்கி வேறு பேரினத்தில் வைத்தாலும் விவரித்த ஆளின் பெயரை எடுப்பதில்லை. 250 வருஷம் ஆகியும் அவர் பெயர் அங்கேயே நிற்கிறது.

உன் பெயரும் அப்படித்தான் நிற்கப்போகிறது. உன் பெயர், ஒரு காற்புள்ளி, வருஷம். அதனால் கேட்கிறேன். உன் முதல் இரண்டு கட்டுரைகளிலும் உன் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளை பெயர் இருந்தது. இந்தக் கட்டுரையில் அப்பா பெயர் இருக்கிறது. அப்பா பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேரு அந்த ஊர் வரைக்கும் போகுதா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கும் மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல.

அது பிழை என்றால் இப்போதே திருத்து. விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிவு செய்து, பத்திரிகையில் வந்துவிட்டால், அப்புறம் பட்டியல்களில் எல்லாம் அப்படியேதான் ஏறும். பிழை இல்லை, நீ யோசித்துத்தான் போட்டாய் என்றால் அதுவும் சரி. ஆனால் சொல்லிவிட்டுச் செய். பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி, அதாவது ஹோலோடைப் என்று எந்த ஒரு வண்டைக் குறிக்கிறாய், அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும், யார் எப்போது எந்த உயரத்தில் பிடித்தது என்று சீட்டுவரைக்கும் சொல்லியிருக்கிறாய். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குச் சந்தேகம் வந்தால் நான் எங்கே போய்ப் பார்ப்பது?

தீபாவளிக்கு மாப்பிள்ளை பேசவில்லை. வாழ்த்து மட்டும் அனுப்பினார். பொங்கலுக்கு அதுவும் இல்லை. வேலை இருக்கும் என்று அப்பா சொன்னார். முறுக்கும் பருப்புப்பொடியும் உங்கள் இரண்டு பேருக்கும் என்றுதான் கட்டி அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்றுகூட நீ சொல்லவில்லை. பழைய முகவரிக்குத்தான் அனுப்பினேன். முகவரி மாறியிருந்தால் அதையும் சொல்.

சின்ன அத்தை இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது உன் தாத்தா என்ன பேசினார், எத்தனை வருஷம் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் கேட்டவள் நான். அப்போது நான் வந்து சில மாதமே ஆன மருமகள். இன்றைக்கு இந்த வீட்டில் யார் என்ன பேசலாம் என்று நான்தான் சொல்கிறேன். அத்தைக்கு நடந்தது இனி இங்கே யாருக்கும் நடக்காது. கோயமுத்தூர் பெரியம்மா கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நான், நீ இல்லை. இதை நான் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே, எழுதத் தோன்றியது, எழுதினேன்.

நன்றி சொல்லும் பகுதியில் எங்கள் இரண்டு பேரையும் போட்டிருக்கிறாய். அதில் ஒரு பெயர் இருந்த இடத்தில் அடித்துவிட்ட தடம் கோப்பில் அப்படியே தெரிகிறது. பத்திரிகைக்கு அனுப்பும் முன்னால் திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டு சுத்தமான பிரதியாக அனுப்பு. வேறு யாரும் அதைப் பார்க்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாகக் காட்டுக்குள் போகாதே. உடல் நீளத்தைச் சரிபார்.

ஜூன் மாதம் வருவதாகச் சொன்னாய். செந்தூரா முடிந்தாலும் பெங்களூரா இருக்கும், மல்கோவா எத்தனை காய் நிற்கிறதோ அத்தனையும் உனக்குத்தான். மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். இரண்டு கட்டிலையும் அப்படியே போடவா, ஒன்று போதுமா? ஒன்று போதும் என்றால் உன் மேசையும் மைக்ரோஸ்கோப்பும் வைக்க ஜன்னல் பக்கம் நல்ல இடம் கிடைக்கும். இதை மட்டும் இந்த வாரமே சொல், ஆள் திங்கட்கிழமை வருகிறான்.

அன்புடன்,
அம்மா