கௌரிக்கு, அப்பாவின் சொற்கள் பற்றி

அன்புள்ள கௌரி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறதா? சின்னவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டதா? பொங்கலுக்கு வருகிறேன் என்று நீ சொல்வதைப் பஞ்சவர்ணம் டீச்சரே நம்புவதில்லை. அதனால் நேரில் பேச வேண்டியதை எழுதியே விடுகிறேன்.

கடைக்குப் புதுக் கணினி வந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கவில்லை, வாங்க வைத்துவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய பெட்டியில் 11 ஏறாது. இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் வேண்டுமாம், டிபிஎம் 2.0 என்று ஒரு சிப்பும் இருக்க வேண்டுமாம். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு நாளும் நின்று போகாமல் உழைத்த பெட்டி அது. நன்றாக ஓடுவதைக் கழித்துக் கட்டச் சொல்வது எனக்குப் பொறுக்கவே இல்லை.

புதியதில் ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை இடப்பக்கம் தள்ளிவிட்டேன். ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது, மீதிக்கு இன்னொரு முறை தட்ட வேண்டும். சரி, இதெல்லாம் பழகிவிடும். டைப்பிங்தான் பெரிய தொல்லை. தமிழ்99, அஞ்சல் என்று கீபோர்டுகள் கூடவே வருகின்றன, நம் டைப்ரைட்டர் முறையைக் காணோம். காலை ஆறு மணி பேட்சில் சார் ஸ்கேலால் தட்டித் தட்டிப் பழக்கிய விரல் இது, வேறு எங்கும் போக மாட்டேன் என்கிறது. டாங்கிள் செருகினால் ஓடும் அந்தப் பழைய சாஃப்ட்வேர் இதில் ஏறவில்லை. விற்றவர்களின் நம்பரும் உபயோகத்தில் இல்லை. கடைசியில் ஓர் இலவச மென்பொருளில் நம் முறையிலேயே யூனிகோடு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் எழுத்து, அடிக்க வழி கிடைத்தது. மாவட்ட அளவில் முதலாவதாக வந்த உனக்கு இதெல்லாம் மறந்தே போயிருக்கும், வாட்ஸப்பில் குரலைத்தானே அனுப்புகிறாய்!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஃபைல்களைப் புதியதற்கு மாற்றும்போது அப்பாவின் வட்டாரச் சொல் தொகுப்பைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து. 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று நிற்கிறது. பாமினி எழுத்துருவை ஏற்றியதும் தமிழாகிவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு மேலே போர்த்திய துணி. ஃபோனுக்கு அனுப்பினால் துணி விலகிவிடுகிறது. 'மறுகால்' என்று யூனிகோடில் அடித்துத் தேடினால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறது. மறுகாலுக்கு அப்பா எழுதியது மட்டும் அரைப் பக்கம் இருக்கும், கௌரி. எந்தக் குளம் நிறைந்தால் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் வீட்டில் நோட்டுகள் எல்லாம் போன பிறகு, அந்தத் தொகுப்பு என் கணினியில்தான் உயிரோடு இருக்கிறது. அதுவும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-இல். 2001-இல் வந்த மென்பொருள், 2004-லேயே அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த இன்டிசைனும் சிஎஸ்6 என்ற பதிப்பு வரைதான் அந்த ஃபைலைத் திறக்கும், பிறகு வந்தவை திறக்காது. பழைய பெட்டியை விற்கப் போவதில்லை. நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓரமாக வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒவ்வோர் அத்தியாயமாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மாற்றுவது ஒரு நொடி வேலை, திருத்துவதுதான் மாளவில்லை. மூலிகைப் பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா தாவரவியல் பெயர் போட்டிருந்தாரே, அது ஆங்கில எழுத்து என்று மாற்றி மென்பொருளுக்குத் தெரியாது, அதையும் தமிழாக்கிக் குதறிவிட்டது. அப்புறம் உன் பெயர். பாமினியில் ஒற்றைக்கொம்பு, க, ள என்றுதான் அடித்தோம், அதனால் முன்னுரையில் 'கௌ' என்ற ஓர் எழுத்து 'கெ', 'ள' என்று இரண்டாகி, நீ 'கெளரி' ஆகிவிட்டாய். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கிறது, தேடினால் நீ அகப்பட மாட்டாய். 'கெளுத்தி'யில் அதே எழுத்துகள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆகவே மொத்தமாக மாற்றவும் முடியாது, ஒவ்வொரு சொல்லாக ஆள் பார்த்தே ஆக வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் அடித்துக் கொடுத்த விழா மலர்கள், தல வரலாறுகள், சிற்றிதழ்கள் எத்தனை இப்படிக் கிடக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை அறிவித்துவிட்டது. இருந்தாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருதான் ஓடியது. வாடிக்கையாளர் கேட்பது தாளில் வரும் எழுத்தை மட்டும்தானே.

எனக்கு உன்னிடமிருந்து இரண்டு காரியம் ஆக வேண்டும். முதல் புரூஃப் முடிந்ததும் அப்பாவிடம் ஒரு சி.டி. கொடுத்தேன், நீல உறை, மேலே என் கையெழுத்து இருக்கும். மாடி அலமாரியில் இருந்தால் வெள்ளத்துக்குத் தப்பியிருக்கும், தேடிப் பார். என்னிடம் இருக்கும் ஃபைலில் மீன் பெயர்கள் அத்தியாயத்தில் சில பக்கங்கள் திறக்கவே இல்லை. இரண்டாவது, திருத்துவதில் பாதியை நீ எடுத்துக்கொள். வட்டாரச் சொற்களில் எது அப்பாவின் எழுத்து, எது மாற்றியின் பிழை என்று உன்னால்தான் சொல்ல முடியும். முதல் அத்தியாயத்தை மெயிலில் அனுப்பியிருக்கிறேன், இன்றே திறந்து பார். சி.டி. கிடைத்தால் கூரியரில் போடாதே, செந்தில் வரும்போது கையில் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
சுப்புலட்சுமி