டிராயிங்கை மாற்றுகிறவர்களுக்கு

பாதுகாப்புத் துறைத் திட்டங்களை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் நாலு லேத்தை வைத்துப் பிழைப்பவன் நான். திட்டம் எது என்று எழுதவில்லை, உங்களுக்கே தெரியும்.

போன மாதம் ஒரு புஷ்ஷின் (தண்டு நுழையும் உலோக வளையம்) டிராயிங் மூன்றாவது தடவையாக மாறி வந்தது. உள்விட்டத்தில் அரை மில்லி குறைப்பு. "சின்னத் திருத்தம்தானே" என்றார் போனில் பேசியவர். கூட்டியிருந்தால் மறுபடி கடைந்து தேற்றியிருப்பேன். குறைத்தால்? ஏற்கெனவே முடித்து அடுக்கிய 140 புஷ்களும் ஸ்கிராப். ஆர்டரில் விலை மாறாது என்று போட்டிருக்கிறது, பேங்க் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டி மட்டும் மாதாமாதம் ஏறுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். டிராயிங்கின் மூலையில் திருத்த எண்ணுக்குக் கட்டம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் செலவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். இந்த மாற்றத்துக்கு எவ்வளவு, அதை யார் ஏற்பது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை எழுதத் தெரிந்தவரையே திட்டத்துக்குத் தலைவராகப் போடுங்கள்.

என் 140 புஷ் உங்களுக்குத் தூசு. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்கு 2003இல் ஒதுக்கியது 3,261 கோடி ரூபாய். 2014இல் அது 19,341 கோடி. ரஷ்ய எஃகு வந்து சேராததும் டிசைன் மாறியதும் காரணங்களில் சில. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் ரஷ்யா 'இலவசமாக'த் தந்த கோர்ஷ்கோவ் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலின் சீரமைப்புக்கு 2004இல் பேசியது 97.4 கோடி டாலர், 2010இல் ஒப்புக்கொண்டது சுமார் 235 கோடி. கப்பலைப் பிரித்த பிறகுதான் கேபிள் வேலை இத்தனை இருப்பது தெரிந்ததாம். பழைய வீட்டை வாங்குகிறவன்கூட முதலில் ஒயரிங்கைத்தான் பார்ப்பான்.

மதிப்பீடு போட்டவர் ஒருவர், மாற்றியவர் இன்னொருவர், தணிக்கைக்கு விளக்கம் எழுதுகிறவர் மூன்றாமவர். எங்கள் கொட்டேஷனில் மட்டும் ஐம்பது காசுக்குக் கணக்குக் கேட்கத் தெரிகிறது!

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது அந்தச் செலவுக் கட்டத்தை நிரப்பி அனுப்புங்கள். 140 புஷ்ஷும் ஷெட்டில்தான் இருக்கின்றன. இந்த மாதக் கடைசி வரை எடைக்குப் போடமாட்டேன். யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் சப்ளையர்களில் ஒருவன்