களியாட்ட விழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களியாட்ட விழாக்களை ஒழுங்கு செய்யும் அன்பர்களுக்கு, வணக்கம்.

ராட்டினமும் மரணக் கிணறும் ஊருக்கு வருவதையோ, அவற்றால் நீங்கள் வருமானம் பெறுவதையோ குறைகூற நான் எழுதவில்லை. மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போய்க் கச்சான் வாங்காமல் திரும்புகிறவர் நம்மில் எத்தனை பேர்? கடைகள் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் அதைத் திருவிழா என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஆனால், வாயிலில் ஒரு கட்டணம், வாகனம் நிறுத்த இன்னொன்று, உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வேறொன்று என்று கேட்கப்படும்போது, மூன்று பிள்ளைகளோடு வரும் தகப்பன் விளக்குகளைவிடத் தன் சட்டைப்பையையே அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஒலிபெருக்கி ஓயாமல் விளம்பரம் வாசிக்கிறது.

வெளிநாட்டுப் பூங்காக்களிலும் இதுதானே வழக்கம் என்பீர்கள். கலிபோர்னியாவில் 1955 இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் முகப்புத் தெருவே, வோல்ட் டிஸ்னி சிறுவயதில் வாழ்ந்த மார்சலின் என்ற சிற்றூரின் நினைவில் எழுந்ததுதான். பழைய நினைவை விற்பது அங்கே தொடக்கத்திலிருந்தே தொழில். எனினும், விளையாட்டுகளுக்குத் தனித்தனிச் சீட்டு விற்ற முறையை 1982 இல் கைவிட்டு, ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாவற்றையும் அனுபவிக்க விட்டார்கள். 1999 இல் அறிமுகமான விரைவு வரிசையும் இலவசமாகவே இருந்தது. 2021 இல் அந்த ஏற்பாடு போய், மேலதிகப் பணம் கட்டுபவருக்கே விரைவு வரிசை என்றாகிவிட்டது. கட்ட இயலாத குடும்பம், கட்டிய குடும்பம் தன்னைக் கடந்து முன்னே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து எதையேனும் பின்பற்றுவதானால் 1982 ஐப் பின்பற்றுங்கள், 2021 ஐ விட்டுவிடுங்கள்.

ஏனென்றால், ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும், வைத்தியரின் மகளும் மீனவரின் மகனும் ஒரே வரிசையில் காத்து நின்று, ராட்டினம் உச்சிக்குப் போனதும் ஒன்றாகக் கூச்சலிடுவதைத்தான் நாங்கள் சிறுவயதில் கண்டோம். அதைத் தேடித்தான் எங்கள் பிள்ளைகளையும் அழைத்து வருகிறோம். (புதிய ராட்டினம் வேண்டுமென்று நாங்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.)

ஆகவே, சிறுவர் ராட்டினங்களையாவது நுழைவுச்சீட்டுக்குள் அடக்குங்கள். பணம் கொடுத்து முந்தும் வரிசையை இங்கே தொடங்காதீர்கள். வாவிக்கரையில் விழா வைத்தால், நீரோரத்தைக் கடைகளால் மறைக்காமல் முதியவர்கள் அமர இடம் விடுங்கள். எல்லாக் கட்டணங்களையும் விழாவுக்கு முன்பே சுவரொட்டியில் அச்சிட்டால், எங்களால் இயன்றதை வீட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு வருவோம்.

இங்ஙனம்,
கல்லடியிலிருந்து ஒரு தகப்பன்