லூனா அந்துப்பூச்சியை எங்கே தேடுவது?

அன்பு மகள் கயல்விழிக்கு,

அமெரிக்காவின் பிட்ஸ்பர்குக்குக் குடிபெயர்ந்த பிறகு வரும் முதல் கோடையிலேயே பாப்பாவுக்கு லூனா அந்துப்பூச்சியைக் காட்ட வேண்டும், எந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்டிருந்தாய். பூங்காவின் பெயரைப் பார்க்காதே, மரத்தைப் பார். பலரும் குக் ஃபாரஸ்ட் மாநிலப் பூங்காவைத்தான் சொல்வார்கள். அங்குள்ள முதிய வெள்ளைப் பைன்களும் ஹெம்லாக் மரங்களும் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்தப் பைன்களால் இந்தப் பூச்சியின் புழுவுக்குப் பயனில்லை. வால்நட், ஹிக்கரி, பிர்ச் போன்ற அகன்ற இலை மரங்களே அதற்கு உணவு என்பதால், உனக்கு அருகிலுள்ள ரக்கூன் கிரீக் பூங்காவையோ, சற்றுத் தொலைவில் யாக்கிகேனி ஆற்றோரம் இருக்கும் ஒஹையோபைல் பூங்காவையோ நான் தேர்ந்தெடுப்பேன்.

மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் வரை, வெப்பமும் நிலவற்ற இருளும் சேர்ந்த ஒரு வார இறுதியைப் பார்த்துக்கொள். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை; சுமார் ஒரு வாரமே வாழும். அதுவும் நள்ளிரவை ஒட்டித்தான் சுறுசுறுப்பாகப் பறக்கும். அதுவரை பாப்பாவை விழித்திருக்கச் செய்வது வீண் வேலை. பகல்நேரப் பகுதிகள் மாலையில் மூடப்படுவதால் முகாம் பகுதியிலேயே இரவு தங்கிவிட்டு, விடியும் முன், பூச்சிகளைக் கொத்தித் தின்னப் பறவைகள் இறங்குவதற்குள், இரவெல்லாம் விளக்கெரிந்த கழிப்பறைக் கட்டடத்தின் சுவர்களையும் கதவு நிலைகளையும் பாருங்கள். சுமார் பத்து சென்டிமீட்டர் அகலத்தில், வெளிர்பச்சை நிறத்தில், பின்னிறகில் நீண்ட வால்களோடு அமர்ந்திருக்கும். அகன்ற இறகு போன்ற உணர்கொம்பு இருந்தால் அது ஆண்.

வால் கிழிந்திருந்தால் நோயென்று பாப்பா வருந்தக்கூடும். பறக்கும்போது சுழலும் அந்த வால்கள் வௌவாலின் எதிரொலிக் கணிப்பை (ஒலியெழுப்பி, திரும்பும் எதிரொலியால் இரையைக் கண்டறியும் திறனை) குழப்பி, அதன் தாக்குதலை உடலிலிருந்து விலக்குகின்றன என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; வால் நறுக்கப்பட்ட பூச்சிகளை வௌவால்கள் மிக எளிதாகப் பிடித்துவிட்டன. ஆக, கிழிந்த வால் தப்பிப் பிழைத்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் நிலா அந்துப்பூச்சியும் லூனாவைப் போலவே ஆக்டியாஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்பதையும் அவளிடம் சொல்.

இறகைத் தொட விடாதே. கூட்டுப்புழு இலையைச் சுற்றிக்கொண்டு சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும். எனவே பாதையை விட்டு இறங்காமல் நடங்கள். முகாமிடத்தை இப்போதே முன்பதிவு செய்துவிடு. ஜூன் வார இறுதிகள் விரைவில் நிரம்பிவிடும்.

அன்புடன்,
அம்மா